மான் பார்க்கப் போகாத பெண்

குளிர்காலத்தில் இங்கிலாந்துக்குப் போக யார்தான் ஆசைப்படுவார்கள்? ஆனால், பெண்ணுக்குப் பிரசவம் டிசம்பரில் என்று டாக்டர் சொல்லிவிட்டால் போய்த்தானே ஆகவேண்டும்! அப்படி லெஸ்டர் நகரத்துக்குப் போய், ஜன்னலையும் திறக்க முடியாமல் அடைந்து கிடக்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பெண்ணிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் காரை எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் துறுதுறுவென்று படுத்திக்கொண்டிருக்கும் மூத்த பேத்தியையும் அழைத்துக் கொள்ளுங்கள். ஆறு மைல் போனால் பிராட்கேட் பூங்கா.

பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் ஞாபகத்துக்கு வருகின்றனவா? அதெல்லாம் இல்லை. ஏறக்குறைய 850 ஏக்கராவில் பாறைக் குன்றுகள், ஓக் மரங்கள், ஒரு சிற்றாறு, மான் கூட்டங்கள். பூட்ஸ் தைக்கும் யந்திரத் தொழிலில் பணம் சேர்த்த சார்லஸ் பென்னியன் என்பவர் 1928-ல் இதை விலைக்கு வாங்கி, அந்த ஜில்லா மக்களுக்கே கொடுத்துவிட்டார்.

உள்ளே போனவுடன், "மான் எங்கே பாட்டி?" என்று குழந்தை கேட்கும். கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றும் தென்படாது. அங்கே பெரணிச் செடி புதர் புதராக மண்டிக் கிடக்கிறது; குளிர் வந்ததும் காய்ந்து செம்பழுப்பாகிவிடும். மான்களின் குளிர்கால ரோமமும் கிட்டத்தட்ட அதே நிறந்தான். காய்ந்த புதர் என்று நீங்கள் நினைத்தது திடீரென்று காதை ஆட்டும். பிறகு எழுந்து நிற்கும்! அங்குள்ள இரண்டு ஜாதிகளில் ஃபாலோ என்பதற்குக் கோடையில் நம் கிண்டிப் புள்ளிமான் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் உண்டு. ஆனால், நம்முடையது வருஷம் முழுவதும் புள்ளியோடு இருக்கும். அதற்கோ குளிர்காலத்தில் புள்ளி மங்கிப்போகும். ஆண் மானின் கொம்பு விரித்த கைபோல அகன்றிருக்கும். மற்றது செம்மான், ஆள் பெரியது.

கையிலிருக்கும் ரொட்டியை நீட்டாதீர்கள். அசைபோடும் அந்த வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஐம்பது மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள். அக்டோபரில் ஆண் மான்கள் ஒன்றோடொன்று மோதி, தீனியை மறந்து, இளைத்துப் போயிருக்கும். புல் வளராத காலத்தில் அவற்றை வீணாக ஓடவைத்தால், இருக்கிற கொஞ்சம் கொழுப்பும் கரைந்துவிடும்.

இனி, ஆற்றோரமாக நடந்து போனால் இடிந்த செங்கல் மாளிகை ஒன்று தெரியும். லேடி ஜேன் கிரே சிறுமியாக வளர்ந்த இடம் அது.

1550-ல் ரோஜர் ஆஸ்கம் என்ற பண்டிதர் அங்கே வந்தார். பிரபுவும் அவர் மனைவியும் பரிவாரமும் பூங்காவில் மான் வேட்டைக்குப் போயிருந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயது ஜேன் மட்டும் அறையில் உட்கார்ந்து பிளேட்டோவைக் கிரேக்க மொழியிலேயே படித்துக்கொண்டிருந்தாள். "நீ போகவில்லையா?" என்று விசாரித்தார். வேட்டை சுகம் இந்தப் புத்தக சுகத்துக்கு ஈடாகாது என்று பதில் வந்தது.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடங்களில் சொல்லி அந்தப் பெண்ணின் படிப்பை மெச்சுவார்கள். பிறகு அவள் சொன்ன காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெற்றோர் எதிரே உட்கார்ந்தால் குற்றம், நின்றால் குற்றம், தையல் பிசகினால் குற்றம். கிள்ளும் அடியும் வசவும்! அய்ல்மர் என்ற வாத்தியார் ஒருவர்தான் இதமாகப் பேசிச் சொல்லிக் கொடுத்தார். பாடம் முடிந்தால் அழுகை வந்துவிடுமாம். ஆஸ்கமும் ஒரு வாத்தியார். அடிக்காமல் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இதையெல்லாம் எழுதிய அவருடைய புத்தகம் 1570-ல்தான் அச்சானது. கொஞ்சம் காரம் சேர்த்திருப்பார் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. இருந்தாலும், வீடு நிறைய ஜனங்கள் இருந்தும் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்ட குழந்தையை நம் தெருவிலேயே நாம் பார்த்ததில்லையா?

அந்தக் குடும்பம் அவளை மேலும் விட்டு வைக்கவில்லை. 1553-ல் கல்யாணம், ஜூலையில் இங்கிலாந்தின் ராணி என்று முடிசூட்டாமலே பிரகடனம், ஒன்பதே நாளில் சிறை. 1554 பிப்ரவரி 12-ல், பதினாறோ பதினேழோ வயதில், லண்டன் கோட்டையில் சிரச்சேதம். தகப்பனார் கலகத்தில் சேர்ந்ததுதான் அந்தத் தண்டனையைத் துரிதப்படுத்தியது. அவர் தலையும் அதே மாதம் போயிற்று.

பூங்காவில் உச்சி வெட்டுண்டு, குட்டையாய்த் தடித்து நிற்கும் கிழ ஓக் மரங்களைக் காட்டி, ஜேன் மாண்ட துக்கத்தில் வேலைக்காரர்கள் மரங்களின் தலையைக் கொய்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். விறகுக்காக வெட்டுவதே அந்நாளைய வழக்கம். புதுத் துளிர் மானின் வாய்க்கு எட்டாதபடி ஆள் உயரத்துக்கு மேலே வெட்டுவார்கள். பேத்திக்கு இரண்டையும் சொல்லுங்கள்.

சுடச்சுடக் காப்பியைப் பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். தயிர்சாதம் அந்தக் குளிரில் தொண்டைக்குள் இறங்காது. டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் போய்விடும். அதற்கு முன்பே காருக்குத் திரும்பிவிடுங்கள்.