ஆயுத பூஜை பொரி மட்டும் போதுமா?

ஆயுத பூஜை வந்தால் லேத் பட்டறையில் மெஷினுக்கும், ஐ.டி. ஆபீஸில் லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். பொரியும் சுண்டலும் எல்லோருக்கும் ஒரே அளவுதான். மேனேஜரும் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் பக்கத்தில் நின்று சாப்பிடுவது பெரும்பாலும் அன்று மட்டும்தான். அந்த ஒரு மணி நேரம் தேவைதான்.

ஆனால், மறுநாள்? ஜவுளிக் கடைகளிலும் வருஷம் தவறாமல் பூஜை நடந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை கிடைக்க, தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது.

'அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு' என்று ராத்திரி மெசேஜ் போட்டால், 'ஷிஃப்ட்டை நான் பாத்துக்கிறேன், நீ கிளம்பு' என்று டீமிலிருந்து பதில் வர வேண்டும். அப்படிக் கைகொடுத்தவருக்கு நிர்வாகம் மாற்று விடுப்பு தர வேண்டும். அந்த ஆபீஸில்தான் பொரியும் ருசிக்கும்.