காசும் அது கிடைத்த மண்ணும்

பழங்காசு சேர்க்கத் தொடங்குவோர் முதலில் கேட்பது, "இதற்கு என்ன விலை வரும்?" என்பதே. கேட்க வேண்டியது, "இது எங்கே கிடைத்தது?" என்பதாகும்.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது நாணயத்தில் ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன்கீழ் தமிழில் 'சேது' என்ற சொல். அச்சொல்லைக் கொண்டு, இக்காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்குரியவை எனக் கருதியோரும் இருந்தனர். யாழ்ப்பாணப் பகுதியில் அவை மிகுதியாகக் கிடைத்தமை, அக்கருத்தை மறுக்க உதவிய சான்றுகளுள் ஒன்று.

நண்பர் ஒருவர் தம் வளவில் கிடைத்த செப்புக்காசைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாகக் கொண்டுவந்து காட்டினார். எழுத்து இருந்த இடம் மழுங்கிக் கிடந்தது. காசைத் தேய்க்காதீர்கள். எடையும் கிடைத்த இடமும் குறித்து, படமெடுத்து வையுங்கள். வாங்குவதற்கு முன் வாசியுங்கள். இலங்கை நாணயங்கள் பற்றிக் கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் நல்ல தொடக்கமே. வந்த வழி சொல்லாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

விடுமுறையில் ஊர் வரும் அன்பர்கள், நினைவுப்பொருளென்று காசைப் பையிலிட்டுச் செல்வதும் உண்டு. தொல்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம். தொல்பொருள் திணைக்களத்திடம் ஒப்படைத்தால் நம் வரலாறு நமக்குக் கிடைக்குமா என்ற ஐயம் நம்மவரிடம் உண்டு. அந்த ஐயத்தைக் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், பதிவின்றிக் கடல் கடந்த காசு எவருக்குமே சான்றாகாது. அதனை இழப்பவர்கள் முதலில் நாமே.