சோதனை என்றதும் ஓடவேண்டுமா?

புற்றுநோய் முற்றியவரிடம் டாக்டர், 'புது மருந்துச் சோதனையில் சேர்கிறீர்களா?' என்று கேட்டால், 'நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்று குடும்பமே தடுக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1999-2000ல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேருக்குப் புது ரசாயனத்தை ஊசியில் ஏற்றினார்கள். தங்கள் பேராசிரியை அனுமதி பெறாமலே இந்த ஆய்வில் இறங்கினார் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001ல் ஒப்புக்கொண்டது. நோயாளிகளிடம் முறையாக விளக்கவும் இல்லை. ஏழை என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஆனால் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையையும் பாருங்கள்! தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேர் சேர்ந்த சோதனையின் முடிவு 2022ல் வெளிவந்தது. விலை எட்டாத நிவோலுமாப் மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஒரு பிரிவினருக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 43 சதவீதம். சேர்க்காத பிரிவில் 16தான். நோய் குணமாகிவிடவில்லை. ஆனாலும் மகளின் நிக்காஹ்வைக் கண்ணால் பார்க்க ஓராண்டு போதாதா?

2019 விதிகளின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சார்பற்ற சாட்சி இருந்தே ஆகவேண்டும். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம். எந்த நாளிலும் விலகலாம். ஜமாஅத் நிர்வாகிகள் படித்த இளைஞர் ஒருவரை நோயாளியோடு சென்னைக்கு அனுப்பிவைக்கட்டும், பஸ் செலவும் கொடுத்து.