இல்லாத ஊருக்குப் பட்டா

‘‘அந்தக் காலத்துல அவங்களுக்கு என்ன சார் தெரியும், பாவம்!’’ பழைய உலக வரைபடத்தில் ஒரு தப்பைக் காட்டினால் போதும், நண்பர் ஒருவர் இப்படி உருகிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஃபிரிஸ்லாந்து என்றொரு தேசம். ஐஸ்லாந்துக்குத் தெற்கே, உடம்பு விறைத்துப்போகும் வட அட்லான்டிக் கடலில் பெரிய தீவு. கரை நெடுக முனைகள், வளைகுடாக்கள், ஊர்ப் பெயர்கள். 1569-ல் மெர்காட்டர் போட்ட உலக வரைபடத்தில் இருக்கிறது. மறு வருஷம் ஆர்ட்டீலியஸின் அட்லஸில் இருக்கிறது. கடலில் மட்டும்தான் இல்லை.

ஆரம்பித்து வைத்தவர் நிக்கோலோ ஜெனோ, வெனிஸ் நகரத்துப் பெரிய மனிதர். 1558-ல் ஒரு புத்தகம் போட்டார். தன் முன்னோர்கள் இரண்டு பேர் நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் அங்கே போய், ஒரு ராஜாவிடம் வேலை பார்த்து, வீட்டுக்குக் கடிதம் எழுதினார்களாம். கடிதம் எங்கேய்யா? சின்ன வயசில் விவரம் தெரியாமல் கிழித்துப் போட்டுவிட்டாராம்! மிச்சமிருந்ததை வைத்து ஒப்பேற்றினாராம். வாடகைப் பத்திரம் கிழிந்துபோச்சு என்று ஒருத்தன் வந்து நின்றால் நாம் விடுவோமா? ஐரோப்பாவின் மேதைகள் விட்டார்கள்.

சரிபார்க்க வழியே இல்லையா என்றால், இருந்தது. அதற்கு நூறு வருஷம் முன்பிருந்தே இங்கிலாந்து மீனவர்கள் காட் மீன் பிடிக்க ஐஸ்லாந்து பக்கம் போய்வந்துகொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மீன் வாடை அடிக்கிறவனை யார் கேட்பது? அச்சில் வந்தால்தானே அறிவு!

கேட்காததோடு விட்டார்களா? எலிசபெத் மகாராணிக்கு ஆலோசனை சொன்ன ஜான் டீ, ‘ஆர்தர் ராஜா அந்தக் காலத்திலேயே ஜெயித்த இடம், அதனால் ஃபிரிஸ்லாந்து உங்களுக்குத்தான் சொந்தம்’ என்று வாதாடினார். ராஜாவும் கதை, தீவும் கதை. பட்டா மட்டும் நிஜம்!

1578-ல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் கிரீன்லாந்தின் தென்கரையில் இறங்கினார். கையில் இருந்த மேப்பை நம்பி, ‘இதுதான் ஃபிரிஸ்லாந்து’ என்று முடிவுகட்டி, ‘மேற்கு இங்கிலாந்து’ என்று பெயரும் சூட்டினார். ஒரு பாறைக்கு ‘சாரிங் கிராஸ்’! அங்கே கூடாரங்கள் இருந்தன. இருந்தவர்கள் இவர்களைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். ஓடினது நல்லதாய்ப் போயிற்று. முந்தின வருஷம்தான் இதே ஃப்ரோபிஷர் பாஃபின் தீவிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கைக்குழந்தை என்று மூன்று இனுவிட் மக்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார். இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சில வாரங்களுக்குள் மூவரும் செத்துப்போனார்கள். ‘பாவம்’ என்ற வார்த்தையை இவர்களுக்காக எடுத்து வைத்திருக்கக் கூடாதா, நண்பரே?

இந்தக் குழப்பத்தில், பாஃபின் தீவில் ஃப்ரோபிஷர் நுழைந்த இடத்தையே கிரீன்லாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வரைந்தார்கள். ஜலசந்தி என்றார்கள். 1861-ல் அமெரிக்கர் சார்லஸ் ஹால் பாஃபின் தீவுக்குப் போன பிறகுதான் அது வெறும் வளைகுடா என்று உறுதியானது. அவர் செய்த காரியம், அங்கே இருந்த இனுவிட் கிழவி ஒருத்தியை உட்கார வைத்துக் கேட்டது. வெள்ளைக்காரர்கள் மூன்று தடவை வந்தார்கள், கடைசித் தடவை ஏகப்பட்ட கப்பல்கள் என்று, முந்நூறு வருஷத்துக் கதையை அவள் கணக்குத் தப்பாமல் சொன்னாள்.