வளையத்தின் விட்டம் போதாது

மூலிகைகளின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் பற்றி இதழுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மெத்தனால் சாறு, 6 மி.மீ. வட்டு, ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈ.கோலி, அளவுகோலில் எடுத்த தடுப்பு வளைய விட்டம். துணைக்கு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை அளக்கும் ஒரு டிபிபிஹெச் சோதனை. முடிவுரையில் முன்னோர் அறிவு மெய்ப்பிக்கப்பட்டுவிடும்.

வளையத்தின் அகலம் சாற்றின் வீரியத்தோடு, அது அகாரில் எவ்வளவு பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. நீரில் எளிதில் கரையாத டெர்பீன்கள் வட்டைவிட்டு நகரத் தயங்கும். கரையக்கூடிய சுமாரான பொருள் பெரிய வளையம் போடும். விட்டத்தை வைத்து இரு மூலிகைகளை எப்படித் தரவரிசைப்படுத்துவது? குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு (எம்.ஐ.சி.) வேண்டும். அதுவும் மில்லிலிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் போனால், அதைத் திறன் என்று சொல்லக் கூச வேண்டும். 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கும் சாறுதான் மேற்கொண்டு ஆராயத் தக்கது.

கடுக்காய்ச் சாறு ஏறக்குறைய எல்லாத் தட்டிலும் ஜெயிக்கும். அதிலுள்ள டானின், நொதியோ ஊடகத்தின் பெப்டோனோ, எதிர்ப்பட்ட புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலிஅமைடு பத்தியில் டானினை நீக்கிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் பல ஆசிரியர்கள் பதில் எழுதுவதில்லை.

டிபிபிஹெச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊதா மறைவதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். செடியின் நிறமியான ஆந்தோசயனினும் அதை ஒட்டியே ஒளியை உறிஞ்சி அளவைக் குழப்பும். குடுவையில் நடந்ததை உடலுக்கு ஏற்றிச் சொல்வதில் உள்ள ஆபத்தை உணர்ந்து, அமெரிக்க வேளாண் துறை 2012-இல் உணவுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைப் பட்டியலிட்ட தன் ஓராக் அட்டவணையையே விலக்கிக்கொண்டது.

கீழாநெல்லியின் கதை நமக்கு நெருக்கமானது. சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் இதழில், ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்து கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாக எழுதினர். மருந்துப்போலி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி. பிற நாடுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. சோதித்தது ஒரே செடிதானா என்ற கேள்வி எழுகிறது. கடையில் கீழாநெல்லி என்று கட்டு கட்டும்போது ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல இனங்கள் கலந்துவிடுவதை நாம் அறிவோம். எந்தச் செடி என்றே தெரியாத சாற்றுக்கு எம்.ஐ.சி. கண்டு பயனில்லை.

அடுத்த இதழ் முதல் உலர்தாவரச் சான்று எண், கரைப்பான் கட்டுப்பாடு, எம்.ஐ.சி. மூன்றும் கட்டாயம். சித்த மருந்தை ஆய்வதாகச் சொல்பவர்கள் நீரில் காய்ச்சிய குடிநீரையும் சோதித்திருக்க வேண்டும். மெத்தனாலில் எந்த வைத்தியரும் குடிநீர் காய்ச்சுவதில்லை. வளைய விட்டத்தோடு நிற்கும் கட்டுரைகள் மதிப்பீட்டாளரிடம் போகாமலே திரும்பும். ஏற்கெனவே கையில் உள்ளவற்றுக்குத் தரவு சேர்த்து அனுப்ப அவகாசம் தருகிறோம்.