பக்கத்து வலையில் விழுந்த மீன்

ஐப்பசி பிறந்துவிட்டால் கோடியக்கரையின் கடலோரம் சில மாதங்களுக்குத் தனியோர் ஊராகிவிடும். வெளியூர் மீனவர்கள் வந்து கீற்றுக்கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்யும் பருவம் அது. ஒரே கடல், ஒரே காற்று, ஏறக்குறைய ஒரே வலை. ஆயினும் ஒரு படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும், அடுத்த படகு வெறுமனே நிற்கும். ஏலம் நடக்குமிடத்தில் நின்றால், தம் மீனைப் பார்க்கும் கண்களைவிடப் பக்கத்துப் படகைப் பார்க்கும் கண்களே அதிகமென்பது புலப்படும். மீனவரை இதற்காகக் குறைசொல்ல என்ன இருக்கிறது? பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நாளில் கல்லூரி ஆசிரியர் அறையிலும், நண்பரின் கவிதை சிற்றிதழில் வந்த மாதத்தில் இலக்கியக் கூட்டத்திலும் நாம் காண்பது அதே கண்களைத்தான்.

பொறாமையைக் கண்ணோடு சேர்த்தே தமிழ் அறிந்திருக்கிறது. கண்ணேறு என்கிறோம், கண் பட்டுவிட்டது என்கிறோம். வள்ளுவர் அழுக்காறாமையை ஓர் அதிகாரமாகவும் வெஃகாமையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். பிறர் பொருளை விரும்புவது வேறு, அது பிறரிடம் இருப்பதையே பொறுக்கமாட்டாமை வேறு என்னும் நுட்பம் அந்த வைப்புமுறையிலேயே இருக்கிறது. இந்நோய்க்கு ஊரில் வழங்கும் மருந்து, நம்மிலும் எளியவரைப் பார்த்து ஆறுதல் கொள் என்பது. நமக்கு இதில் உடன்பாடில்லை. பார்வை மேலிருந்து கீழே திரும்பியதேயன்றி, அளவுகோல் கைவிட்டுப் போகவில்லை.

கிறித்தவம் கைவைப்பது அந்த அளவுகோலில்தான். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் ஒரு மீன்பிடிக் கரையில் நிகழ்கிறது. இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத வலையில் விடியலில் 153 பெரிய மீன்கள். மூன்றுமுறை மறுதலித்த பேதுருவுக்கு மந்தையை மேய்க்கும் பொறுப்பு மீண்டும் தரப்படுகிறது. அதைப் பெற்ற கையோடு அவர் திரும்பிப் பார்த்துக் கேட்பது, பின்னால் வரும் மற்றொரு சீடனின் கதி என்ன என்று! அவனைப் பற்றி உனக்கென்ன, நீ என் பின்னே வா என்ற பொருளில் மறுமொழி கிடைக்கிறது. கடுமையான சொல்தான். ஆனால் அதற்குள் பெரிய விடுதலை இருக்கிறது: அவனுக்கான கணக்கிலிருந்து கழித்து உனக்குத் தரப்படவில்லை, உன்னிடமிருந்து பிடுங்கி அவனுக்கும் தரப்படவில்லை.

அதே கேள்வியைக் கீழ்நோக்கியும் கேட்கலாம். திராட்சைத் தோட்டத்து உவமையில் விடியலிலேயே வேலைக்கு வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். பேசிய கூலி அவர்களுக்குக் குறையவில்லை. கடைசி மணிநேரத்தில் வந்தவரைத் தங்களுக்குச் சமமாக்கிவிட்டாரே என்பதுதான் குறை. எசமானின் பதிலில் தமிழ் வேதாகமம் வன்கண் என்னும் சொல்லை ஆள்கிறது, பொருத்தமான ஆட்சி.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774-1864) இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் இவரும் கல்வி கற்றார், இளவரசர் சரபோஜியும் கற்றார். 1798இல் ஒருவர் அரியணை ஏறினார். மற்றவர் புலவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். அந்த அரசரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி செய்தவர் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர். சாஸ்திரியாரோ அதே குறவஞ்சி வடிவத்தைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார். உடன் வளர்ந்தவரின் உயர்வு கண்டு புழுங்கிய மனத்தின் ஆக்கமாக அது நமக்குப் படவில்லை. தனக்கென ஓர் அரசனைக் கண்டுகொண்டவரின் நிறைவே அதில் தெரிகிறது. ஆயினும் 1820களின் இறுதியில், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று புதிய பாதிரிமார் வற்புறுத்தியபோது, அவர்களை எதிர்த்து முனைந்து எழுதியவரும் இவரே. மேலே பார்க்கையில் தெளிந்திருந்த கண், கீழே பார்க்கையில் விடியலில் வந்த கூலியாளின் கண்ணாகிவிட்டது. அவர் கவித்துவத்தின்மீது நமக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. அவருடைய பாட்டைப் பாடும் சபைகள் இந்தப் பக்கத்தையும் படிக்கவேண்டும் என்போம்.

மனநிறைவைப் பற்றி டெல்டாவில் பேசுகிறவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இல்லாதவனுக்கு மனநிறைவை உபதேசிப்பது இருப்பவனுக்கு எப்போதும் வசதி. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட இயக்கத்தின் மக்கள் அவர்கள். அந்தக் கோரிக்கையைப் பொறாமை என்று எந்த வேதத்தைக் கொண்டும் சொல்லமுடியாது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கடவுளின் செவிக்கு எட்டும் என்பதே யாக்கோபின் நிருபம். தன் உழைப்பின் பங்கைக் கேட்பவன் நியாயத்தைப் பார்க்கிறான். அடுத்தவன் தன்னளவுக்கு எழுந்து நிற்பதைப் பொறாதவனே பொறாமைக்காரன். வெண்மணியில் அந்தக் கண் யாருடையது என்பதில் ஐயமில்லை.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடல் சிறையிலிருந்து எழுதப்பட்டது. எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். இயல்பாக வந்தது என்று சொல்லவில்லை, கற்றுக்கொண்டார். அதே மடலின் முதல் அதிகாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. வெளியே சிலர் அவர்மேல் கொண்ட பொறாமையாலும் போட்டியாலும் பிரசங்கம் செய்துவருகிறார்கள். விலங்கிட்டிருப்பவருக்கு வேதனையைக் கூட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் மகிழ்கிறார். தாம் இறங்கமுடியாத கடலில், தம்மை வெறுப்பவன் வலையில் மீன் விழுகிறது. அதற்குத்தான் இந்த மகிழ்ச்சி.