கேக் வெட்டலாம், தேநீர் கொடுக்கக் கூடாதா?

புக்கிட் ரோத்தானில் என் மாமன் மகன் கல்யாணம். பெண் சீனர். தாலி கட்டியதும் இருவரும் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் நீட்டினார்கள். "இதெல்லாம் நம்ம வழக்கமா?" என்று பெரியப்பா முகம் சுளித்தார். இரவு விருந்தில் மூன்றடுக்குக் கேக் வெட்டியபோது அவரே கைதட்டினார்.

லயத்தில் யார் கேக் வெட்டினார்கள்? துரை பங்களாவிலிருந்து வந்தால் நாகரிகம், நமக்கு அரிசி கடன் கொடுத்த சீனக்கடையிலிருந்து வந்தால் கலப்படமா? காலில் விழுவதும் தேநீர் கொடுப்பதும் ஒரே பணிவு. அங்பாவ் அவர்களுடைய மொய். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோருக்குத் திருமணப் பதிவு கட்டாயம். தாலியா தேநீரா என்று பதிவதிகாரி கேட்பதில்லை. கேட்பது நாம்தான், துரை கற்றுக்கொடுத்த மேல்கீழ் கணக்கோடு.

பெரியப்பா, கோப்பையை வாங்குங்க. ஆறிடப்போகுது.